ருபீடியத்துக்குப் பக்கத்து இடம்

ஜப்பான்காரர்கள் ஜொகூர் பாருவுக்குள் நுழைந்தபோது எனக்கு இருபத்தொரு வயது. பட்டணத்துப் பெண்கள் பள்ளி ஒன்றில் எட்டு மாதம் விஞ்ஞானம் கற்பித்திருந்தேன். எட்டே மாதம்தான் என்றாலும் நான் நல்ல ஆசிரியை என்பதில் எனக்கு அன்று சந்தேகம் இருக்கவில்லை. இன்றும் இல்லை. பள்ளியை மூடினார்கள், கட்டடத்தில் பட்டாளம் வந்து தங்கியது. அரசாங்க உத்தியோகத்தில் இருந்த அப்பாவுக்கு வேலையும் போனது, குடியிருந்த வீடும் போனது. சிம்பாங் ரெங்கம் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்த அவருடைய நண்பர், ஆள் இல்லாமல் கிடந்த ஒரு வீட்டைத் தருவதாகச் சொல்லி அனுப்பினார். நாங்கள் புறப்பட்டோம்.

புறப்படுவதற்கு முதல் நாள் அப்பா கொல்லைப்புறத்தில் தீ மூட்டினார்.

“பிள்ளை, உன்ரை புத்தகம் எல்லாம் இங்கிலீசு. வழியில ஆரும் சோதிச்சால் எங்கள் எல்லாருக்கும் ஆபத்து. எல்லாத்தையும் கொண்டு வா” என்றார்.

வேதியியல் புத்தகத்தை என் கையாலேயே போட்டேன். அதன் கடைசித் தாளில் உலகத்தில் உள்ள தனிமங்கள் அத்தனையும் கட்டம் கட்டமாக அச்சிடப்பட்டிருந்தன. அந்தத் தாளைக் கிழித்து ஜாக்கெட்டுக்குள் ஒளித்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். எனக்குத்தான் எல்லாம் மனப்பாடமாயிற்றே என்று அதையும் எரியவிட்டேன்.

தோட்டத்தில் அப்போது பால் வெட்டு நின்றுவிட்டது. ரப்பரை வாங்க ஆளில்லை. மரங்களுக்கு நடுவே கிடைத்த இடத்திலெல்லாம் மரவள்ளி நட்டிருந்தார்கள். ஆண்களில் பாதிப்பேரைச் சயாமுக்கு ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். மிஞ்சியவர்கள் பெரும்பாலும் பெண்கள். துணி இல்லை, உப்பு இல்லை, சவர்க்காரம் இல்லை. குழந்தைகளின் உடம்பெல்லாம் சிரங்கு. தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்ட டிரெசர் ஒருநாள் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்.

“நீங்க சயன்ஸ் படிச்சவங்கன்னு கிராணி ஐயா சொன்னாரு. மருந்து இல்லாட்டியும் பரவால்ல, சோப்பு இருந்தா பாதிச் சிரங்கை நான் நிறுத்திடுவேன். உங்களால செய்ய முடியுமா?”

“முடியும்” என்றேன். அதுவரை நான் சவர்க்காரம் செய்ததே இல்லை.

ஆறு பெண்களை உதவிக்குக் கொடுத்தார்கள். ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் காயவைக்கும் கொட்டகை சும்மா கிடந்தது, அதுதான் எங்கள் இடம். வாழைமட்டையையும் தேங்காய் மட்டையையும் எரித்துச் சாம்பலாக்கித் தண்ணீரில் ஊறவைத்து வடித்தோம். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பை அதில் கலந்து காரமாக்கினோம். பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த செம்பனை எண்ணெயில் அதை ஊற்றிக் காய்ச்சினோம். முதல் இரண்டு தடவை வீணாய்ப் போனது. மூன்றாம் தடவை கூழ் மாதிரி ஒன்று திரண்டது. தொட்டுத் தண்ணீரில் தேய்த்தால் நுரை வந்தது. பெண்கள் சிரித்த சிரிப்பில் கொட்டகைக் கூரையே அதிர்ந்தது. ஒரு கைப்பிடி உப்பு கிடைத்த நாளில் அதையும் போட்டுக் காய்ச்சினேன். கூழ் இறுகிக் கட்டியாயிற்று.

அந்த ஆறு பேரில் ஒருவர்தான் முதலில் கேட்டார். என்னைவிட மூன்று வயது மூத்தவர், அதனால் நான் அவரை அக்கா என்றே கூப்பிட்டேன். தோட்டப் பள்ளியில் நாலு வருஷம் படித்தவர். கணக்கு என்றால் உயிர். அவருடைய கணவரும் சயாமுக்குப் போனவர்களில் ஒருவர்.

“டீச்சர், சாம்பல் மட்டும் போட்டப்போ கொழகொழன்னு இருந்துச்சு. உப்புப் போட்டதும் ஏன் கட்டியாச்சு?”

“சாம்பல்ல பொட்டாசியம்னு ஒண்ணு இருக்கு. உப்புல சோடியம்னு ஒண்ணு இருக்கு. ரெண்டும் ஒரே குடும்பம். உப்புல இருந்த தம்பி வந்து அண்ணன் இடத்துல உக்காந்துக்கிட்டான்.”

“அந்தச் சோடியத்தைத் தனியாப் பிரிச்சா அதுக்குள்ள என்னா இருக்கும்?”

“சோடியம்தான் இருக்கும். எத்தனை தடவை பிரிச்சாலும், கண்ணுக்கே தெரியாத கடைசித் துணுக்கு வரைக்கும் சோடியம்தான். அந்தக் கடைசித் துணுக்குக்குப் பேரு அணு.”

அக்கா கூழைக் கிண்டும் துடுப்பைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். “இந்த மாதிரி எத்தனை இருக்கு?”

“தொண்ணூத்துச் சொச்சம்.”

“அவ்ளோதானா! இந்த மரம், மண்ணு, நாம, எல்லாமே?”

“எல்லாமே.”

அன்றிலிருந்து எண்ணெய் காயும் நேரமெல்லாம் பாட நேரமாயிற்று. நான் ஆங்கிலத்தில் படித்தவள். ‘எலிமெண்ட்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று தடுமாறினேன். “யாரோடயும் சேராத தனி ஆளு, அதானே? தனிப்பொருள்னு வெச்சுக்குங்க” என்றார் அக்கா. அதையே வைத்துக்கொண்டேன். தோட்டத்துக்கு வந்த புதிதில் என் யாழ்ப்பாணத்துப் பேச்சைக் கேட்டு அவர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். மூன்று மாதத்தில் நானே அவர்களைப் போலப் பேசத் தொடங்கிவிட்டேன். அப்பாவுக்குத்தான் அது பிடிக்கவில்லை.

கொட்டகையின் சுவர் வருஷக்கணக்கான புகையில் கன்னங்கரேலென்று இருந்தது. அதைவிட நல்ல கரும்பலகை எந்தப் பள்ளியிலும் எனக்குக் கிடைத்ததில்லை. சுண்ணாம்புக் கட்டியால் அதில் தனிப்பொருள்களின் அடையாள எழுத்துகளை எழுதினேன். பெண்களுக்கு ஆங்கில எழுத்து தெரியாது, கோலம் கற்பதுபோல அவற்றைக் கற்றார்கள். அக்கா மட்டும் ஓர் இடத்தில் முரண்டுபிடித்தார்.

“போரானுக்கு ‘பி’, நைட்ரஜனுக்கு ‘என்’. சரி. பொட்டாசியத்துக்கு எதுக்கு ‘கே’? பேருல அந்தச் சத்தமே இல்லையே.”

“அது பழைய லத்தீன் பேரு. காலியம்” என்றேன். அக்காவுக்கு அது திருப்தியாக இல்லை.

ஒருநாள் பிற்பகல், மரவள்ளி விளைச்சலைப் பார்க்க வந்த ஜப்பானிய அதிகாரி ஒருவர் கொட்டகைக்குள் நுழைந்தார். பின்னால் கிராணி ஓடி வந்தார். நாங்கள் எழுந்து குனிந்து நின்றோம். அதிகாரியின் பார்வை சுவரில் நின்றது. இரகசியச் சங்கேதம் என்று நினைத்துவிட்டால் எங்கள் எல்லாருடைய கதையும் அதோடு முடிந்தது.

அவர் சுவரருகே போனார். கைப்பிரம்பால் ‘கே’ என்ற எழுத்தைத் தொட்டார். “காரியூமு” என்றார், காலியத்தைத்தான் ஜப்பானிய நாக்கில் அப்படிச் சொன்னார். அடுத்து சோடியத்தைத் தொட்டார். “நாட்டோரியூமு.” என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையாட்டினேன். எண்ணெய் காய்ச்சும் கொப்பரையைக் காட்டி, “சாபுன்” என்று மலாயில் சொன்னேன். சவர்க்காரம் செய்யத்தான் இது.

அவருக்குப் புரிந்தது. புரிந்ததால் இரக்கம் ஒன்றும் வந்துவிடவில்லை. வாரத்துக்குப் பத்துக் கட்டி பட்டாளத்துக்கு அனுப்ப வேண்டும் என்றார். சுவரில் ஆங்கில எழுத்து இருக்கக்கூடாது, உடனே அழி என்றார். வெளியே போகும்போது, இதையெல்லாம் அனுமதித்ததற்காகக் கிராணியை எங்கள் முன்னாலேயே கன்னத்தில் அறைந்தார். அப்பாவின் வயதுள்ள மனிதர். அன்று மாலை நான் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். “சொல்லிக் குடுக்கிறதை நிப்பாட்டச் சொல்ல மாட்டன். எழுதாதை, அவ்வளவுதான்” என்றார்.

சுவரை ஈரச் சாக்கால் துடைத்துக்கொண்டே அக்கா முணுமுணுத்தார். “பாவி, அவன் சொன்ன பேருதான் எழுத்துக்குச் சரியா இருக்கு.”

எழுதாமல் எப்படிக் கற்பிப்பது? கட்டங்களை ஆட்களாக்கினேன். பெண்கள் ஆறு பேர், என்னோடு சேர்த்து ஏழு. தனிமங்களின் அட்டவணையிலும் முக்கியமான குடும்பங்கள் ஏழு. ஆளுக்கு ஒரு குடும்பத்தை மேலிருந்து கீழாக, எடையோடு, மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மரவள்ளிக் காட்டில் களை எடுக்கும்போது வரிசையாக உட்கார்ந்துகொள்வோம். முதல் பெண் “லித்தியம் ஏழு” என்பார், அக்கா “பெரிலியம் ஒம்போது” என்பார், அடுத்தவர் “போரான் பதினொண்ணு” என்பார். இப்படியே என்னிடம் வரும், “ஃபுளோரின் பத்தொம்பது” என்று நான் முடிப்பேன். பிறகு சோடியத்திலிருந்து அடுத்த வரி. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு ஏதோ நடவுப் பாட்டு என்றுதான் தோன்றும்.

இரும்பு, செம்பு, பொன் போன்றவை இந்த ஏழுக்குள் அடங்காதவை, அவற்றைத் தனியே சொல்லிக்கொண்டோம். எல்லாம் சரியாகத்தான் போயிற்று, ஓர் இடத்தைத் தவிர. முதல் பெண் “ருபீடியம் எண்பத்தஞ்சு” என்றதும் அக்கா வாயை மூடிக்கொண்டு கையை மட்டும் அசைப்பார். அங்கே என்ன வரும் என்று நான் அவருக்குச் சொல்லவில்லை. ஏனென்றால் எனக்கே அது மறந்துபோயிருந்தது. கால்சியம் நாற்பது, பேரியம் நூற்று முப்பத்தேழு, நடுவில் ஒன்று. பெயரும் நினைவில்லை, எடையும் நினைவில்லை. ராவும் பகலும் யோசித்தும் வரவில்லை.

மறந்துவிட்டேன் என்று சொல்ல என் கர்வம் இடம்கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு கதை சொன்னேன். கதை உண்மையானதுதான். ரஷ்ய நாட்டில் ஒரு பேராசிரியர் தனிமங்களை எடைப்படி அடுக்கிக்கொண்டே வந்தார். சில இடங்களில் எதுவும் பொருந்தவில்லை. அவற்றை இட்டு நிரப்பாமல் வெறுமையாக விட்டார். இங்கே ஒன்று இருக்க வேண்டும், அதன் எடை இவ்வளவு இருக்கும், அது இப்படி நடந்துகொள்ளும் என்று எழுதியும் வைத்தார். சில வருஷங்களில் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார்கள். அவர் சொன்னபடியே இருந்தன.

“அப்ப என் எடமும் அந்த மாதிரிதானா? இன்னும் யாரும் கண்டுபிடிக்கலையா?” என்றார் அக்கா.

“ஆமா” என்றேன்.

அந்த ஒரு சொல் பல நாள் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. மாணவர்களிடம் நான் அதற்கு முன்னும் பொய் சொன்னதில்லை, பின்னும் சொன்னதில்லை.

அந்த நாட்களில்தான் சயாமிலிருந்து தப்பி வந்த ஒருவர் பக்கத்துத் தோட்டத்தில் இருப்பதாகச் செய்தி வந்தது. அங்கே வாந்திபேதியில் கூட்டம் கூட்டமாகச் சாகிறார்கள், குவித்துப் போட்டு எரிக்கிறார்கள் என்று அவர் சொன்னாராம். மறுநாள் அக்கா வழக்கம்போல வேலைக்கு வந்தார். களை பிடுங்கிக்கொண்டே கேட்டார்.

“அணு அழியாதுன்னு சொன்னீங்கல்ல, டீச்சர்?”

“ஆமாக்கா.”

“எரிச்சாலும்?”

“எரிச்சாலும். கொஞ்சம் காத்துல போகும், கொஞ்சம் மண்ணுல போகும். ஒண்ணுகூட இல்லாமப் போகாது.”

அவர் கையிலிருந்த களையின் வேரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அணு இருந்து என்னா டீச்சர். ஆளு வரணும்.”

ஆறுதலாக ஏதாவது இட்டுக்கட்டிச் சொல்லியிருக்கலாம், ஆனால் அவரிடம் இன்னொரு பொய் சொல்ல எனக்கு மனமில்லை. அப்போதே, அந்த இடத்திலேயே, பழைய பொய்யையும் சொல்லிவிட்டேன்.

“அக்கா, உங்க வரிசையில இருக்கிற அந்த ஓட்டை உண்மையான ஓட்டை இல்ல. அதைக் கண்டுபிடிச்சு ரொம்ப காலமாச்சு. நான்தான் மறந்துட்டேன். வெக்கப்பட்டு மறைச்சிட்டேன்.”

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகத்தில் பல நாளாக இல்லாத ஓர் உயிர் வந்தது.

“அப்படின்னா நிச்சயமா ஒண்ணு இருக்குதானே? அப்புறம் என்னா, நாமளே கண்டுபிடிச்சிடலாம் லா. அந்த ரஷ்யாக்காரரு எப்படிக் கண்டுபிடிச்சாரு?”

“அக்கம்பக்கத்தைப் பாத்துத்தான்.”

அக்கா மண்ணை உள்ளங்கையால் சமப்படுத்தி, ஒரு குச்சியை எடுத்தார். சுற்றிலும் பார்த்துவிட்டு எண்களை மட்டும் எழுதினார். மேலே நாற்பது, கீழே நூற்று முப்பத்தேழு. “ரெண்டுக்கும் நடுவுல எண்பத்தெட்டரை” என்றார். அதோடு விட்டுவிடவில்லை. பக்கவாட்டிலும் பார்த்தார். பொட்டாசியம் முப்பத்தொன்பதுக்கும் கால்சியம் நாற்பதுக்கும் வித்தியாசம் ஒன்று. சீசியம் நூற்று முப்பத்து மூன்றுக்கும் பேரியத்துக்கும் வித்தியாசம் நாலு. ஒன்றுக்கும் நாலுக்கும் நடுவில் இரண்டரை. ருபீடியத்தின் எண்பத்தைந்தோடு இரண்டரையைக் கூட்டினால் எண்பத்தேழரை.

“மேலகீழ பாத்தா எண்பத்தெட்டரை. பக்கத்துல பாத்தா எண்பத்தேழரை. ரெண்டையும் விட்டுட்டு எண்பத்தெட்டுன்னு வெச்சுக்குங்க. கால்சியத்தைத் தண்ணியில போட்டா மெதுவாக் கொதிக்கும், பேரியம் வேகமாக் கொதிக்கும்னு சொன்னீங்க. இது ரெண்டுக்கும் நடுவுல இருக்கும்.”

எண்களைக் காலால் கலைத்துவிட்டுக் களையெடுக்கப் போய்விட்டார். கல்லூரி வாசலை மிதிக்காத ஒரு பெண் மரவள்ளிக் காட்டில் உட்கார்ந்து அந்த ரஷ்யப் பேராசிரியர் செய்ததைச் செய்திருக்கிறார். ஆனால் அது சரியா என்று சொல்ல என்னிடம் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை.

சாம்பல் காரத்தை ஊற்றிவைத்த தகரங்கள் துருப்பிடித்து ஓட்டை விழுந்தபோது, மண்ஜாடிகள் வாங்கி வர, ஜாடிச் சூளை இருந்த ஆயர் ஈத்தாமுக்குப் போக வேண்டியிருந்தது. கிராணி அனுமதிச் சீட்டு வாங்கித் தந்தார். நானும் அக்காவும் ஒரு மூட்டை சவர்க்காரத்தோடு மரவள்ளி லாரியில் ஏறிப் போனோம். சூளையை நடத்தியது ஒரு சீனக் குடும்பம். அங்கிருந்த இளைஞர் எங்கள் சவர்க்காரத்தை முகர்ந்து பார்த்து, “பாகுஸ்”, நன்றாயிருக்கிறது, என்றார். ஜாடியில் எதை ஊற்றப்போகிறோம் என்று மலாயில் கேட்டார். சாம்பல் தண்ணீர் என்றேன். “ஓ, ஆல்கலி” என்று காரத்தின் பெயரைத் தன்னை அறியாமல் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

நான் அருகில் போய் மெல்ல ஆங்கிலத்தில் கேட்டேன். எந்த வகுப்பு வரை படித்தார்? சீனியர் வகுப்பு, பரீட்சை எழுதும் முன்பே போர் வந்துவிட்டது. புத்தகங்களை என்ன செய்தார்? அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு உள்ளே போய், ஆளுயர ஜாடி ஒன்றுக்குள் வைக்கோலுக்கு அடியில் கையை விட்டார். வெளியே வந்த கையில் ஒரு வேதியியல் புத்தகம்.

“ஜாடிகளை ஏற்றி முடிக்கிறவரை பார்க்கலாம்” என்றார்.

கடைசித் தாளைப் பிரித்தேன். அட்டவணை இருந்தது. ருபீடியத்துக்குப் பக்கத்தில் விரலை வைத்தேன். எழுத்தைப் பார்த்ததுமே பெயர் நினைவுக்கு வந்துவிட்டது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“பேரு அப்புறம். மொதல்ல எடையைச் சொல்லுங்க.”

“எண்பத்தேழு புள்ளி ஆறு மூணு.”

அக்கா உதட்டை அசைத்துக் கணக்குப் போட்டார். “நான் எண்பத்தெட்டுன்னு சொன்னேன். அரைகூடத் தப்பு இல்ல.”

“அரைகூடத் தப்பு இல்லக்கா. பேரு ஸ்ட்ரான்ஷியம்.”

“ஸ்ட்ரான்ஷியம்” என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். சயாமிலிருந்து அந்தச் செய்தி வந்தபோதுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை. என்ன ஆயிற்று என்று பதறிக் கேட்ட இளைஞரிடம் நடந்ததைச் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு அக்காவைப் பார்த்து மரியாதையாகத் தலை குனிந்தார். லாரியில் கேட்டதைவிட ஒரு ஜாடி கூடுதலாக ஏறியது.

திரும்பி வரும் வழியில் இன்னொன்றையும் சொன்னேன். நூறு வருஷத்துக்கு முன்னால் ஜெர்மனியில் ஒருவர், அட்டவணையே இல்லாத காலத்தில், இதே மூன்றையும் வைத்து இதே கணக்கைப் போட்டிருக்கிறார் என்றேன். அக்காவுக்குப் பெருமையாக இருக்கும் என்று நினைத்தேன்.

“அப்ப எனக்கு முன்னாடியே ஒருத்தர் சொல்லிட்டாரா?” முகம் வாடிவிட்டது. “இதை நாளைக்குச் சொல்லியிருக்கக் கூடாதா டீச்சர்?”

போர் முடிந்தது. தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போனவர்களில் மூன்று பேர் திரும்பி வந்தார்கள். அக்காவின் கணவர் வரவில்லை. அவரோடு வேலை செய்தவர் வந்து எந்த முகாமில், எப்படி என்று சொல்லிவிட்டுப் போனார். என் பள்ளியைத் திறந்தார்கள், நான் ஜொகூர் பாருவுக்குத் திரும்பினேன். சோதனைக்கூடம் சூறையாடப்பட்டுக் கிடந்தது. புதுப் புட்டிகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. அவற்றைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று தலைமையாசிரியை சொன்னபோது, எனக்குத் தெரிந்த ஆள் ஒருவர் இருக்கிறார் என்றேன்.

“ஆங்கிலம் படிப்பாரா?” என்று கேட்டார் அந்த வெள்ளைக்கார அம்மாள்.

“படிக்க மாட்டார். ஆனால் இந்தப் புட்டிகளை என்னைவிட நன்றாகப் படிப்பார்.”

அக்கா ஒரு தகரப் பெட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். தலைமையாசிரியை புட்டிகளை ஒவ்வொன்றாக நீட்டினார். மூடியில் இருந்த அடையாள எழுத்தை மட்டும் பார்த்து, எது, என்ன எடை, எதோடு சேரும், எதன் அருகில் வைக்கக்கூடாது என்று அக்கா தமிழில் சொல்ல, நான் ஆங்கிலத்தில் சொன்னேன். பன்னிரண்டாவது புட்டியில் அந்த அம்மாள் போதும் என்று கையைக் காட்டினார்.

இருபத்துமூன்று வருஷம் அந்தச் சோதனைக்கூடம் அக்காவின் கையில் இருந்தது. ஒரு விபத்து கிடையாது. அகர வரிசைப்படி அடுக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து வந்த உத்தரவை அவர் ஒருநாளும் மதிக்கவில்லை, குடும்பம் குடும்பமாகத்தான் அடுக்கினார். அதற்காக என்னைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார்கள். அவர் செய்வதுதான் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.